அந்த அரை சதவீதம் எப்படித் தோற்றது?

திருவனந்தபுரம் ஜகதியில் வீற்றிருக்கும் கேரளப் பொதுக்கல்வி இயக்குநரகத்தாருக்கு, சாலைக் கடைத்தெருவில் குடியிருக்கும் ஒரு தகப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 99.70 சதவீதம். 2024-இல் 99.69. 2025-இல் 99.5. இந்தச் சரிவு எனக்குக் கவலை தருகிறது. அந்த அரை சதவீதப் பிள்ளைகள் எப்படித்தான் தோற்றார்கள் என்று ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தால் தேவலை. ஏனென்றால் உங்கள் கணக்கில் தோற்பது லேசுப்பட்ட காரியமில்லை. நூறு மார்க் பாடத்தில் 20 தொடர் மதிப்பீட்டுக்கு. அது கோயில் பிரசாதம் மாதிரி அநேகமாக எல்லார் கைக்கும் வந்துவிடும். தேற 30 வேண்டும். ஆக, 80 மார்க் தாளில் பத்தே பத்து எடுத்தால் கரையேறலாம்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏ பிளஸ் போகிறது என்று 2023 டிசம்பரில் வெளியான ஒலிப்பதிவில் அங்கலாய்த்தவர் வெளியாள் அல்ல. அப்போது உங்கள் நாற்காலியிலேயே இருந்தவர். அது அரசின் கருத்தல்ல என்றார் அமைச்சர். சரி, அரசுக்கு ஆயிரம் கருத்து இருக்கும்; பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்ப்பது நாங்கள்தானே.

பிறகு எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீதம் வாங்க வேண்டும் என்று விதித்தீர்கள். 2025-இல் முதல் முடிவு வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு பாடத்திலாவது அது எட்டவில்லை. அதே கோடையில் பத்தாம் வகுப்பில் 99.5! நடுவில் இருக்கிற ஒன்பதாம் வகுப்பில் என்ன மந்திரம் ஓதுகிறீர்களோ, மற்ற மாநிலங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்.

டீச்சர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஜூனில் ஆறாம் வேலைநாள் எண்ணிக்கையில் தலை குறைந்தால் ஒரு டிவிஷன், அதாவது வகுப்புப் பிரிவு, போச்சு. டிவிஷனோடு ஒரு வேலையும் போச்சு. அதனால் மே மாத வெயிலில் குடையும் நோட்டீசுமாக எங்கள் சந்துக்கு வருகிறார்கள். "வண்டி இருக்கு, யூனிபாரம் நாங்க தாரோம், பையனை இங்கயே சேத்துடுங்க அண்ணாச்சி" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவரிடம், "சேத்தா அவன் வாசிப்பானா டீச்சர்?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினோம்.

ஹெட்மாஸ்டர்கள் பாடு இன்னும் விசேஷம். 2016-இல் நிர்ணயித்த மதிய உணவு ரேட், 150 பிள்ளைகள் வரை தலைக்கு 8 ரூபாயாக இருந்தது. முட்டை, பால், காய்கறி எல்லாம் அதற்குள்ளேதான் அடங்க வேண்டியிருந்தது. அந்தக் காசும் மாதக்கணக்கில் பாக்கி விழ, 2023-இல் ஆசிரியர் சங்கம் உயர் நீதிமன்றப் படியேறியது. சொந்தச் சம்பளத்தில் முட்டை வாங்கிக் கணக்கு எழுதுகிற மனிதர், மூன்றாம் வகுப்புப் பையன் வாசிக்கிறானா என்று எப்போது எட்டிப் பார்ப்பார்?

45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினீர்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. இனி செலவு குறைந்த சில காரியங்கள். எட்டாம் வகுப்பு முடிந்தபிறகு, 30 எட்டாத பிள்ளைகளுக்கு ஏப்ரலில் வைத்த தனிவகுப்பை மூன்றாம் வகுப்பிலேயே, ஜூனிலேயே வையுங்கள். ஆறாம் வேலைநாளில் தலையை எண்ணும்போதே ஒரு பக்கம் வாசிக்கவும் சொல்லுங்கள். தமிழ் மீடியம் பிள்ளைகளைத் தமிழில். முட்டைக் காசை மாதம் பிறக்குமுன் பள்ளிக் கணக்கில் போடுங்கள்.

2026-27-இல் பத்தாம் வகுப்புக்கும் அந்த 30 சதவீத விதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தேர்ச்சி 80-க்கு இறங்கினாலும் நாங்கள் போராட்டம் செய்ய வரமாட்டோம். பயந்துபோய் விதியைத் தளர்த்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பில் நிச்சயம் தேறப்போகும் ஒரு பையனின் தகப்பன்