தலைக்கு எத்தனை ராட்டினம்?

கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஒரு பீஸுக்கு அடக்கம் என்ன என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் செய்கிறவர். கல்யாணத்துக்குப் போனால், எழுதிய மொய்யை இலையில் விழுந்த பதார்த்தங்களால் வகுப்பார். பாயசம் இரண்டாம் முறை வந்தால் அடக்கம் குறைந்துவிட்டதென்று முகம் மலரும். இப்படிப்பட்டவரிடம் போய், பிள்ளைகளை ஒரு தடவையாவது தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொன்னேன். மறுநாள் காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தது. எக்செல்லில் முதல் கட்ட வரிசையில் எங்கள் ஐந்து பேரின் பெயர்கள். கடைசி வரிசையின் தலைப்பு: 'ஒரு ராட்டினத்துக்கு அடக்கம்'.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. தேர்த் திருவிழா ராட்டினத்தில் ஒவ்வொரு தடவை ஏறவும் காசு. அதனால் அங்கே பெற்றோரின் வேலை, பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது. "போதும் கண்ணு, தலை சுத்தும்" என்பார்கள். தலையா சுற்றுகிறது, பர்ஸ்தான் சுற்றுகிறது. தீம் பார்க்கில் வாசலிலேயே ஒரே டிக்கெட். உள்ளே எதில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். அவ்வளவுதான், அதே பெற்றோர் தலைகீழாக மாறிவிடுவார்கள். அழுகிற பிள்ளையைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். "ஏறுடா, இதுக்கும் சேர்த்துத்தான் காசு குடுத்திருக்குது!" கலிபோர்னியாவில் 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கேயும் நம் தேர்க்கடை முறைதான் இருந்தது. நுழைய ஒரு காசு, ஏறுவதற்கு வேறு காசு. பிறகு சீட்டுப் புத்தகம் வந்தது. அதையும் 1982இல் நிறுத்திவிட்டு ஒரே டிக்கெட் என்று ஆக்கினார்கள். அந்த வருஷத்திலிருந்துதான் அந்த ஊர்த் தகப்பன்மார்கள் ஓட ஆரம்பித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

எங்கே போவது என்பதில் பெரிய சண்டை இல்லை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்திலேயே பிளாக் தண்டர் இருக்கிறது. ஆனால் காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், ராத்திரி வீட்டில் தோசை சாப்பிடுவதை டூர் என்று ஒத்துக்கொள்ள மகன் தயாராக இல்லை. வாளையாறு தாண்டிவிட்டால் பூங்காக்களுக்குக் குறைவே கிடையாது. மலம்புழாவில் ஒன்று, அதிரப்பள்ளி வழியில் ஒன்று, கொச்சிக்குப் பக்கத்தில் வொண்டர்லா. இந்தக் கடைசிப் பூங்காவின் கதை என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிக்கும். வி-கார்டு ஸ்டெபிலைசர் கம்பெனியைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பள்ளிதான் 2000இல் 'வீகாலாந்து' என்ற பெயரில் அதைத் திறந்தார். கரண்டு ஏறி இறங்காமல் இருக்கப் பெட்டி விற்றவர், அந்த லாபத்தில் மனிதர்களை ஏற்றி இறக்க ஆரம்பித்தார் என்றால் அது ஒரு தொழில் மேதைமைதான். கடைசியில் நாங்கள் போனது எந்தப் பூங்கா என்று நான் சொல்வதாக இல்லை. மேற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கே என்றதும் அத்தை பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். என் மாமியாருக்கு வெளியூர்ப் பயணம் என்றால் முதலில் திசை, அப்புறம்தான் ஊர். ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, ஒரு ராட்டினத்துக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றால் அடக்கம் எகிறிவிடும் என்று அதே நேரத்தில் வீட்டுக்காரரும் முடிவுக்கு வந்திருந்தார். தாயும் மகனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். "வெல்லம் வாயில போட்டுட்டுப் போனா வெள்ளிக்கெழம போலாம்" என்று அத்தை ஒரு பரிகாரமும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கரைக்கிற வெல்லம் எந்தக் கடையிலும் இல்லாததால் வார நாள் என்று தீர்மானமானது.

வார நாளிலும் ஒரு கண்ணி உண்டு. டிசம்பர், ஜனவரியில் பள்ளிக்கூடங்கள் சுற்றுலா கிளம்பும் காலம். வரிசையாகப் பஸ் வந்து நிற்கும். ஒரே நிறச் சட்டை போட்ட முந்நூறு பிள்ளைகள் விசில் சத்தத்தோடு இறங்குவார்கள். அந்த வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் பிறகு வீட்டுக்கு வந்துதான் உட்கார முடியும். ஜூன், ஜூலை என்றால் கேரளத்து மழை. மழை வலுத்தால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். ஏப்ரல், மே என்றால் தமிழ்நாடும் கேரளமும் ஒரே குளத்தில் நிற்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் வருஷத்தில் மிஞ்சுகிற நாட்களில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. காலாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தோம். செவ்வாய்க்கு வடக்கேதான் சூலம்.

அடுத்து உயரம். தீம் பார்க்கில் வயசுக்கு மரியாதை இல்லை, உயரத்துக்குத்தான். ஒரு ராட்டினத்துக்கு 120 சென்டிமீட்டர், இன்னொன்றுக்கு 140 என்று வாசலில் கோடு போட்டிருப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மேலிருந்து இறங்கி நம்மை அமுக்கிப் பிடிக்கிற கம்பி, தோளும் தொடையும் ஓர் அளவுக்காவது வளர்ந்த உடம்பைக் கணக்கில் வைத்துச் செய்தது. சின்ன உடம்பு அதற்கு அடியில் நழுவிவிடும். ஒன்பது வயசு என்று பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் கம்பிக்குப் புரியாது. சிக்கல் என்னவென்றால், குழந்தை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்பதையும் அநேக இடங்களில் உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆக, ஒரு நல்ல தகப்பனுக்குப் பிள்ளை கவுண்டரில் குட்டையாகவும் ராட்டினத்தில் நெட்டையாகவும் இருக்க வேண்டும். நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டு மகனை அளந்தபோது, கவுண்டர் கோட்டுக்கும் அவன் உச்சந்தலைக்கும் நடுவில் ஒரு விரல்கடைதான் இருந்தது.

"கவுண்டர்ல கொஞ்சம் முழங்காலை மடக்கி நில்லு. உள்ள போனதும் நெஞ்சை நிமித்தி நடக்கோணும், செரியா?"

"அப்பா, ஸ்கூல்ல பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நீ என்னடா சொல்லப் போற? நிக்கத்தான போற?"

மகன் தடிமனான அடிபோட்ட ஷூவைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான். ஐந்து வயசு மகளைச் சுவரோரம் நிறுத்தினோம். பெரிய ராட்டினம் எதிலும் அவளை ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் பெயருக்கு எதிரே இருந்த கட்டங்களை வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கினார். பாதி டிக்கெட்டாக இருந்தாலும் நஷ்டக் கணக்குதான் என்று அவர் பெருமூச்சு விட்டது சமையலறை வரைக்கும் கேட்டது.

உடுப்பு விஷயத்தில் நீர் விளையாட்டுகளுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. நைலான் மாதிரி துணிதான் போட வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து தண்ணீரைச் சுத்தம் செய்கிற வடிகட்டியில் போய் அடைக்கும். நான் கடைக்குப் போய் ஒரு நீச்சலுடுப்பு வாங்கி வந்து, அதை முட்டி வரை மறைக்க இன்னொன்று வாங்கி, அதையும் மறைக்க ஒரு துண்டு எடுத்து வைத்தேன். அத்தையிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னபோது, "நானென்ன கொளத்துலயா எறங்கப் போறேன்? கரையில உக்காந்து உங்க துணிமணியப் பாத்துக்கறேன்" என்றார். கோயில் குளமானாலும் குற்றாலமானாலும் அத்தையின் பதவி அதுதான். யாரும் கொடுத்ததில்லை, யாரும் பறிக்கவும் முடியாது.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். வெளிச்சாப்பாடு உள்ளே அனுமதி இல்லை என்று பொதுவாக எல்லாப் பூங்காக்களிலும் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியது மற்றவர்களுக்காக என்று நினைத்துக்கொள்கிற தலைமுறை எங்கள் அத்தையுடையது. முந்தின நாள் ராத்திரியே புளிசாதம் கிளறி ஆறவைத்தாயிற்று. கூடவே கச்சாயம், கடலை உருண்டை, வழியில் யாருக்காவது வயிற்றைப் புரட்டினால் முகர எலுமிச்சம்பழம். புளிசாதத்தை எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று கூடிப் பேசி, கார் நிறுத்துமிடத்தில் பத்தரைக்கு என்று எக்செல்லில் ஏற்றினோம். இதில் ஓர் உடற்கூறு விஷயம் இருக்கிறது. சுற்றுகிற ராட்டினத்தில் உள்காதில் இருக்கிற நீர் ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். இரண்டும் ஒத்துவராதபோது மூளை குழம்பிப்போய் வயிற்றைக் கூப்பிடும். அந்த நேரத்தில் வயிற்றில் நல்லெண்ணெய் மிதக்கிற புளிசாதம் இருந்தால் அது சும்மா இருக்குமா? நான் இதை எடுத்துச் சொன்னேன். "புளி பித்தத்தை முறிக்குமாக்கும்" என்று அத்தை சொன்னதோடு வைத்திய விவாதம் முடிந்தது.

நேர அட்டவணை ராணுவத் தரத்தில் இருந்தது. 10.55: பெரிய ராட்டினம். 11.20: அதைவிடப் பெரிய ராட்டினம். சிறுநீர் கழிக்க எங்கேயும் இடம் ஒதுக்கவில்லை. இப்படித் திட்டம் போடுகிறவர்கள் 1955 ஜூலை 17ஆம் தேதியை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது. டிஸ்னிலேண்டின் திறப்பு நாள் அது. கள்ள டிக்கெட்டோடு ஏகப்பட்ட பேர் நுழைந்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் பதிந்து நின்றது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்களுக்கும் தட்டுப்பாடு. வால்ட் டிஸ்னிக்கே அந்தக் கதி என்றால் காலை 10.55 எம்மாத்திரம்?

குதிரான் சுரங்கத்துக்குள் கார் நுழைந்தபோது பிள்ளைகள் இரண்டும் 'ஓ' என்று கத்தின. வீட்டுக்காரர் அதையும் ஒரு ராட்டினமாகச் சேர்த்துக்கொண்டார். இலவசம் வேறு.

பூங்காவில் நடந்ததை நீட்டுவதற்கு ஒன்றுமில்லை, எல்லாக் குடும்பங்களுக்கும் நடப்பதுதான். மகன் கவுண்டரில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். முழு டிக்கெட். பிறகு தகப்பனும் மகனும் பெரிய ராட்டினங்களைத் தேடி ஓடினார்கள். உலகத்தில் முதன்முதலில் நன்றாக ஓடிக் காசு பார்த்த ரோலர் கோஸ்டர்களில் ஒன்றை 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லமார்கஸ் தாம்சன் என்பவர் கட்டினார். மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் வேகம், ஐந்து சென்ட் கட்டணம். அந்த வேகத்தோடு மனித இனம் நிறுத்தியிருக்கலாம் என்பது, மூன்றாவது ராட்டினத்திலிருந்து இறங்கி எலுமிச்சம்பழத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. புளிசாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மகள் வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரை ராட்டினம் ஒன்று போதும் அவளுக்கு. அங்கே வரிசையும் கிடையாது. இறங்குவாள், சுற்றி வந்து மறுபடி ஏறுவாள். பழுப்புக் குதிரை, வெள்ளைக் குதிரை, மறுபடி பழுப்புக் குதிரை. மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்காரர் நிழலில் உட்கார்ந்து கைபேசியில் கணக்கைத் திறந்தார். முழு டிக்கெட் மகன், வரிசையில் நின்று நின்று நஷ்டத்தில் இருந்தான். சிவப்புக் கட்டங்களின் சொந்தக்காரியான மகளுக்கு ஒரு ராட்டினத்தின் அடக்கம் ஒரு டீயின் விலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்த பார்வையில், நன்றாக ஓடுகிற லேத் மெஷினைப் பார்க்கிற பெருமிதம் தெரிந்தது.

அத்தையின் வரிசையில்தான் கோளாறு. டிக்கெட் விலை இருக்கிறது, ஏறிய ராட்டினம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் எக்செல் ஒத்துக்கொள்ளுமா? கட்டத்துக்குள் விடைக்குப் பதில் பிழை என்று காட்டியது. அது கூட்டுத்தொகையில் போய்ப் பிழை, சராசரியில் போய்ப் பிழை. ஒரே மூதாட்டியால் குடும்பக் கணக்கு முழுக்க முடங்கிக் கிடந்தது.

அத்தையோ குதிரை ராட்டினத்துக்கு எதிரே பெஞ்சில், எங்கள் துணி மூட்டைக்கு நடுவில், இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து கடலை உருண்டையை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். வாசலில் பையெல்லாம் திறந்து பார்த்தவர்களுக்குச் சுருக்குப்பை தோன்றவில்லை. வால்ட் டிஸ்னியும் இப்படித்தான் லாஸ் ஏஞ்சலீஸின் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் ராட்டினம் சுற்றும்போது பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாராம். பெரியவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாம். அவருக்குத் தோன்றியது அத்தைக்குத் தோன்றவில்லை.

"அம்மா, ஒரே ஒரு தடவை ஏறுங்க."

"வேண்டாஞ்சாமி. எனக்கெதுக்கு? வீண் செலவு."

"எனக்காகங்கம்மா. கணக்கு நிக்குதுங்க."

எந்தக் கணக்கு, ஏன் நிற்கிறது என்று அத்தை கேட்கவில்லை. மகன் குரல் தழுதழுத்ததைப் பார்த்து எழுந்தார். குதிரைகளுக்கு நடுவே இருந்த சாரட்டு வண்டியில் பேத்தியோடு உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒரு சுற்று முடிந்து ராட்டினம் நின்றது. வீட்டுக்காரர் 1 என்று அடித்தார். பிழை மறைந்தது. அந்தக் கட்டத்தில் முழு டிக்கெட் விலை அப்படியே வந்து உட்கார்ந்தது. அன்றைய தினத்தின் மிக விலையுயர்ந்த ராட்டினம். அவர் முகம் வாடியது.

"ஏஞ்சாமி, மறுக்காச் சுத்தோணும்னா இன்னும் எவ்வளவு கேப்பாங்க?" என்று சாரட்டிலிருந்தே அத்தை கேட்டார்.

"ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா. வாசல்ல குடுத்ததோட சரி. எத்தனை தடவை வேணும்னாலும் சுத்தலாம்."

அத்தை கொஞ்ச நேரம் மகனையே பார்த்தார்.

"காலைல இருந்து உன்ற காச மிச்சம் புடிக்கறேன்னு இந்த வெயில்ல உக்காந்திருக்கறேன். இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா? சுத்தச் சொல்லு."