பார்க்கலாம் சார்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறதோ இல்லையோ, தெருவுக்கு ஒரு ‘பார்க்கலாம் சார்’ நிச்சயம் உண்டு. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தாத்தா பின்னி மில்லுக்கோ ரயில்வேக்கோ வேலை தேடி ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர். அப்பா இங்கேயே பிறந்தவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர். மூன்று தலைமுறையாக வாடகை வீடு.

“வீடு வாங்கலாமா, வாடகையிலேயே காலத்தை ஓட்டிவிடலாமா?” என்ற விஷயத்தை இவர் கல்யாணமான வருஷம் கையில் எடுத்தார். இப்போது மகள் கல்லூரி முடிக்கப் போகிறாள். விஷயம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. ரயில் பாதையைக் கடக்க எட்டு வழிச் சாலை போடுகிறோம் என்று ஆரம்பித்து, பத்து வருஷத்துக்கு மேல் ஒக்கலிபுரத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்களே, ஊரே திட்டிய அந்த வேலையை இவர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சக தொழிலாளி என்ற மரியாதை.

இவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடது பக்கம் ‘வாடகை’, வலது பக்கம் ‘சொந்தம்’. வலது பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பது இது: ஃப்ளாட் விலை 65 லட்சம். கைக்காசு 15, பேங்க் லோன் 50. எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம். மாசத் தவணை 43,391 ரூபாய். இருபது வருஷத்தில் கட்டி முடிப்பது ஒரு கோடியே நாலு லட்சத்துச் சொச்சம். இதில் 54 லட்சம் வெறும் வட்டி. அந்த 54-ஐச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருப்பார். கீழே முத்திரைத்தாள், செஸ், சர்சார்ஜ், பதிவுக் கட்டணம்: எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதமாக இருந்த இடத்தை அடித்து, “31-8-2025 முதல் இரண்டு” என்று தேதியோடு திருத்தியிருக்கிறார். அந்தத் தேதிக்கு முன்னால் பதிவு செய்திருந்தால் 65,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும் என்று வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எழுதிக்கொள்வார்.

இடது பக்கத்தில் இரண்டே வரி. வாடகை 18,000. அட்வான்ஸ் பத்து மாசம், 1,80,000. பார்த்தாலே மனசு குளிர்ந்துபோகும்.

வாங்காமல் இருப்பதற்குப் பார்க்கலாம் சாரிடம் காரணம் கேட்டால், நாட்டின் சரித்திரத்தையே சொல்லுவார். மெட்ரோ வேலை நடந்தபோது, “தூசு அடங்கட்டும், அப்புறம்தான் நிஜ விலை தெரியும்” என்றார். 2014 மார்ச்சில் சம்பிகே ரோட்டிலிருந்து பீனியாவுக்கு மெட்ரோ ஓடியது. தூசு அடங்கியது, விலை எழுந்தது. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது, “கறுப்புப் பணம் போச்சு, இனி வீட்டு விலை பாதி” என்று தெருமுனை டீக்கடையில் தேதி குறித்தார். 2017-இல் ரியல் எஸ்டேட்டுக்குக் கடிவாளம் போட ரேரா சட்டம் வந்தது. “பில்டரெல்லாம் திருந்தட்டும்” என்று காத்திருந்தார். 2020-இல் கொரோனா. ஐடி பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். தெருவெல்லாம் டூலெட் போர்டு. “பெங்களூர் முடிஞ்சது சார்” என்றார். பையன்கள் 2022-இல் திரும்பி வந்தார்கள். வாடகை ஏறிய வேகத்தில் இவர் ஓனர் வீட்டுப் படி ஏறி, “பார்த்துப் போடுங்க சார்” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டு, டேங்கர் லாரிக்கு ஊரே அலைந்தபோது, “தண்ணியில்லாத ஊர்ல எவன் சார் வீடு வாங்குவான்?” என்றார். அந்த வருஷக் கடைசியில் இ-காத்தா என்ற டிஜிட்டல் சொத்துப் பதிவேடு இல்லாமல் பத்திரப் பதிவு கிடையாது என்றார்கள். “முதல்ல எல்லாருக்கும் காத்தா கொடுத்து முடிக்கட்டும்” என்று பெருந்தன்மையாக வழிவிட்டு நின்றார்.

இதெல்லாம் தீர்ந்துபோனால் சட்டத்தை எடுப்பார். “1978-லேயே நாற்பத்து நாலாவது திருத்தம் கொண்டுவந்து, சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லைன்னு எடுத்துட்டாங்க. அப்புறம் எதை நம்பி வாங்கறது?” அதற்கும் ஒருவர் பதில் வைத்திருந்தால், கடைசி அஸ்திரம் பாலு மகேந்திரா. 1988-இல் வந்த ‘வீடு’ படத்தில் கதாநாயகி படாத பாடு பட்டுக் கட்டும் வீட்டு மனை கடைசியில் என்ன ஆகிறது என்பதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். தேசிய விருது வாங்கிய படத்தோடு யார் வாதாடுவது?

அதற்காக அவர் வீடு பார்ப்பதை விட்டுவிட்டார் என்று நினைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு கம்பெனி வேன் வந்து நிற்கும். நெலமங்களா, தொட்டபள்ளாப்பூர், ஆனேக்கல், சர்ஜாபுரா என்று திசைக்கு ஒரு லேஅவுட். வேன் இலவசம், டிபன் இலவசம். எந்தக் கம்பெனியில் பிசிபேளாபாத் நன்றாக இருக்கும், எங்கே கேசரிபாத்தில் நெய் குறைவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விமான நிலையத்திலிருந்து இருபது நிமிஷம் என்று நோட்டீஸில் போட்டிருக்கும். “எதுல போனா தம்பி?” என்று கேட்பார். முப்பதுக்கு நாற்பது சைட்டின் நான்கு மூலையிலும் போய் நின்று பார்ப்பார். கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறுவார். “கிழக்குப் பார்த்ததா?” “கன்வர்ஷன் ஆனதா, ரெவின்யூ சைட்டா?” “தாய்ப் பத்திரம் எந்த வருஷத்துது?” கேள்வியெல்லாம் சரியான கேள்விதான். முதன்முதலில் இவரை வேனில் ஏற்றிய சேல்ஸ் பையன் மூன்று கம்பெனி மாறி, மேனேஜராகி, கல்யாணம் செய்து, சொந்தமாக ஒரு ஃப்ளாட்டும் வாங்கிவிட்டான். இப்போதும் இவரைப் பார்த்தால் எழுந்து நின்று, “வாங்க அங்கிள், டிபன் ஆச்சா?” என்கிறான்.

வாடகைப் பக்கத்தையும் அவர் சும்மா விடுவதில்லை. இப்போதிருக்கும் ஓனர் பதினொரு மாச அக்ரிமெண்ட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் வாடகையை ஏற்றுவதால், ஸ்ரீராமபுரம் பக்கம் ஒரு டூலெட் போர்டைப் பார்த்து உள்ளே போனார். வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் வழக்கப்படி தமிழும் சரளம்.

“எத்தனை பேரு?”

“நாலு பேரும்மா.”

“ஊர்ல இருந்து ஜனங்க வந்து தங்குவாங்களா?”

“ஆடிக்கு ஒருத்தர், தீபாவளிக்கு ஒருத்தரும்மா.”

“நான்-வெஜ்ஜு?”

“ஞாயித்துக்கிழமை மட்டும். அன்னைக்கும் சைட்டு பார்க்கப் போயிடுவேன். அங்க சைவம்தான்.”

“காவேரித் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்கு ஒரு மாச வாடகை புடிச்சுப்போம்.”

“சரிம்மா. போர்வெல் எத்தனை அடி? காத்தா ஏ-வா, பி-யா? உங்க மாமனார் பேர்ல இருந்து உங்க பேருக்கு எந்த வருஷம் மாறுச்சு?”

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “ஏன் சார், நீங்க வாடகைக்கு வந்தீங்களா, வீட்டை எழுதி வாங்க வந்தீங்களா?”

“அதைத்தாம்மா இன்னும் முடிவு பண்ணலை.”

வாடகை, சொந்தம் இரண்டுக்கும் நடுவே பெங்களூரில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் லீசு. தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என்போமே, அதே சங்கதி. பத்து லட்சத்தை மொத்தமாக ஓனர் கையில் கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்கு வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே பத்து லட்சம் வட்டியில்லாமல் திரும்பி வரும். பார்க்கலாம் சார் நோட்டில் இதற்குத் தனிப் பக்கம். பத்து லட்சத்தைப் பேங்கில் போட்டால் ஏழு சதவீதத்துக்கு வருஷம் எழுபதாயிரம், மாசம் 5,833. ஆக, 18,000 ரூபாய் வீட்டில் 5,833-க்குக் குடியிருக்கலாம். கணக்கு பிரமாதம். ஆனால் ஓனர் அதே வீட்டின் மேல் பேங்கில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டால்? ஒரு நாள் காலையில் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டும் பேங்குக்கு, உள்ளே பத்து லட்சம் கொடுத்தவர் குடியிருக்கிறார் என்பதைப் பற்றிப் பெரிய அக்கறை இருக்காது. நடுவில் ஒரு தரகுக் கம்பெனி புகுந்து, லீசுப் பணத்தைத் தான் வாங்கிக்கொண்டு, ஓனருக்கு மாச வாடகை தருகிறேன் என்று நாலு மாசம் தந்துவிட்டுக் காணாமல் போன கதைகளும் இந்த ஊரில் உண்டு. ஆகவே, “வில்லங்கச் சான்று கொடுங்க, லீசைப் பதிவு பண்ணித் தாங்க” என்று கேட்டார். கேட்டது ரொம்ப நியாயம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. ஆனால் ஓனர்கள், “நம்பிக்கை இல்லேன்னா வேணாம் சார்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தனக்கு முடிவெடுக்கத் தெரியாதே தவிர, மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. மச்சினருக்குக் காத்தா சரிபார்த்துக் கொடுத்தது அவர். எதிர்வீட்டுக்காரர் ஏரிப் புறம்போக்கில் ஒரு சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியதும் அவர்தான். அவரிடம் யோசனை கேட்டவர்கள் எல்லாம் சொந்த வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள். ஒவ்வொரு கிருகப்பிரவேசத்திலும் முன்வரிசையில் அவர் இருப்பார். ஏழாவது மாடிக்குப் பசுமாடு ஏறாது என்பதால், பார்க்கிங்கில் கன்றோடு நிறுத்தி, இரண்டு வாழைப்பழம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரத்திலும் தூணுக்குத் தூண் தூரத்தைக் காலடியால் அளந்துகொண்டிருப்பவரைப் பார்த்தீர்களானால், அவர்தான்.

இத்தனை பார்த்தும் ஏன் கிளம்ப மனசு வரவில்லை? நோட்டில் எழுதாத காரணம் ஒன்று உண்டு. ஒக்கலிபுரத்திலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். சென்னையில் ஒரு கல்யாணம் என்றால், வீட்டில் ஆற அமரக் காபி குடித்துவிட்டுப் போய் பிருந்தாவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். மளிகைக்கடையில் தமிழிலேயே கடன் சொல்லலாம். அறுபத்தைந்து லட்சத்துக்கு இவர் பார்க்கும் ஃப்ளாட்டெல்லாம் இருக்கிற இடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் பிருந்தாவன் பங்காருப்பேட்டையைத் தாண்டியிருக்கும்.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி, சாப்பாடெல்லாம் முடிந்து, அவர் நோட்டைப் பிரித்து வீட்டாருக்குத் தீர்ப்பு வாசித்தார். “தவணை 43,391. வாடகை 18,000. வித்தியாசம் மாசம் 25,391. இருபது வருஷத்துக்கு வட்டியே போடாம 60,93,840 ரூபா. வட்டி சேர்த்தா கோடியைத் தாண்டும். கைக்காசு பதினஞ்சு லட்சமும் அப்படியே இருக்கும். அப்ப எது லாபம்? வாடகைதான்!”

அவர் மனைவி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“ஏங்க, கணக்கெல்லாம் சரிதான். அந்த 25,391 எங்கங்க?”

“எது?”

“மாசா மாசம் மிச்சமாகுதுன்னு சொல்றீங்களே, அது. இத்தனை வருஷமா எந்தப் பேங்க்ல இருக்கு?”

பார்க்கலாம் சார் மகளைப் பார்த்தார். மகள் செல்போனைப் பார்த்தாள். அந்த 25,391 போன வழி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பகுதி ஸ்கூட்டராகவும் பெரிய டிவியாகவும் ஆயிற்று. இன்னொரு பகுதி மச்சினர் கிருகப்பிரவேசத்துக்கு வெள்ளிக் குத்துவிளக்காகப் போயிற்று. மிச்சம் எதுவென்றே தெரியாமல் கரைந்துபோயிற்று. தவணை கட்டியவன் வேறு வழியில்லாமல் சேர்த்தான். பேங்க் அவனைச் சும்மா விடாது. வாடகை கொடுத்தவனை அப்படி மிரட்ட ஆளில்லை.

“அதையும் பார்க்கலாம்” என்று நோட்டை மூடினார்.

இந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்குச் சொல்வது இதுதான். வீடு வாங்குவதற்கு முன்னால் பார்க்கலாம் சாரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். காத்தாவும் தாய்ப் பத்திரமும் பார்ப்பதில் அவருக்கு ஈடில்லை. லீசுக்குப் போனால் அவர் கேட்டதையே நீங்களும் கேளுங்கள். பதிவு செய்ய மாட்டேன் என்கிற ஓனரிடம் பத்து லட்சத்தைக் கொடுக்காதீர்கள். வாங்கலாமா, வாடகையா என்று மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம். அதை உங்கள் பாஸ்புக்கைக் கேளுங்கள். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மாசா மாசம் முதல் தேதியே அதில் ஏறுகிறது என்றால், தைரியமாக வாடகை வீட்டிலேயே இருங்கள். யார் கேலி செய்தாலும் கவலை இல்லை. ஏறவில்லை என்றால், கையைக் கடிக்காத விலையில் ஒரு வீட்டைப் பார்த்துத் தவணையில் மாட்டிக்கொள்வதே மேல்.