பிழைப் பண்ணை

தனியார் ஆங்கிலவழிப் பள்ளித் தாளாளர்களுக்கு ஊர்கூடி ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்து வெளியே வரும்போதும் ‘ஹி டிட் நாட் கேம்’ என்றே சொல்கிறது. 14 வருஷம்! ஒரு பிழையை இவ்வளவு காலம் நோய்நொடி அண்டாமல் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா?

அதற்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது. தமிழில் பேசினால் அபராதம். ஆங்கிலத்திலோ பேச வராது. ஆகவே பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வகுப்பு ஒழுங்காக இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் மெச்சுவார்கள். கட்டுரை நோட்டில் நாற்பது பேரும் போர்டைப் பார்த்து ஒரே கட்டுரையை எழுத, மிஸ் சிவப்பு மையில் நாற்பது டிக் போடுவார். பரீட்சையில் கோடிட்ட இடத்தில் அதே பிள்ளை ‘டிட் நாட் கம்’ என்று சரியாக எழுதி முழு மார்க் வாங்கும். மணியடித்து வராந்தாவுக்கு வந்ததும், ‘மிஸ், பிரியா டிட் நாட் கேம் டுடே!’ மிஸ்ஸும் அக்கறையோடு, ‘வொய் ஷி டிட் நாட் கேம்?’ என்பார்.

மிஸ்ஸைத் திட்டாதீர்கள். அவரும் இதே பண்ணையில் வளர்ந்தவர்தான். வாங்குகிற சம்பளத்துக்கு அவர் வகுப்புக்கு வருவதே பெரிது.

பிள்ளையும் முட்டாள் இல்லை. நடந்து முடிந்த விஷயம் என்றால் வினையும் இறந்தகாலத்தில் இருக்க வேண்டும் என்று நியாயமாகத்தான் கணக்குப் போடுகிறது. ‘டிட்’டே அந்த வேலையை முடித்துவிட்டது என்பதை உறைக்கிற மாதிரி யாரும் சொல்வதில்லை. சொன்னது எல்லாருக்கும் புரிந்தும் விடுகிறது. புரிந்த பிறகு யார் மறிக்கப் போகிறார்கள்? பிழை பட்டா வாங்கிக் குடியேறிவிடுகிறது.

இப்படிப் பிழை இறுகிப்போவதற்கு 1972-இல் மொழியியலாளர் லாரி செலிங்கர் ‘புதைபடிவமாதல்’ என்ற பொருளில் பெயரே வைத்துவிட்டார். இதேபோலக் கனடாவில் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தார்கள். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, புரிந்துகொள்வதில் புலிகள். வாயைத் திறந்தால் இலக்கணம் இடறியது. கேட்டால் மட்டும் போதாது, முயன்று பேசவும் வைக்க வேண்டும் என்றார் அவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின். அத்தகைய வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்த ராய் லிஸ்டரும் லைலா ரன்டாவும் 1997-இல் எழுதினார்கள்: ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல், சரியான வாக்கியத்தைத் தாங்களே சொல்லிவிட்டு நகர்வதுதான், பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதும் இருந்ததிலேயே குறைவு. ‘எங்கே, இன்னொரு தடவை சொல்லு’ என்று நிறுத்தியபோதுதான் திருத்தம் பிள்ளையின் வாயிலிருந்தே வந்தது.

ஆக, மருந்து ஒன்றும் விலை கூடியதல்ல. வாரத்துக்கு ஒரே ஒரு பிழையைக் குறிவைக்க வேண்டும். தினம் பத்து நிமிஷம் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும். அந்தப் பிழை வரும்போது மட்டும் சிரிக்காமல் நிறுத்தி, அவர்களையே திருத்தவைக்க வேண்டும். வேறொரு வாரம் அதையே திரும்பக் கிளற வேண்டும். ஆனால் பேசவிட்டால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அட்மிஷன் படுத்துவிடும். போதாததற்கு, இதை ஃபீஸ் ரசீதில் எந்தத் தலைப்பில் எழுதுவது? ஸ்மார்ட் போர்டு என்றால் தனியாக வசூலிக்கலாம்.

அதனால் கவலைப்படாதீர்கள். பிளஸ் டூ முடித்ததும் பஸ் ஸ்டாண்டு எதிரே ‘30 நாளில் சரளமான ஆங்கிலம்’ போர்டு தொங்குகிறது. நடத்துபவர் தாளாளரின் மச்சான். பழைய மாணவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.