ஈரலைக் கழுவுதலும் குளிர்வித்தலும்: மதுரை வழக்காறு குறித்த ஆய்வு

மனித ஈரலின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மதுரையில் அதற்குத் தினமும் இரண்டு சடங்குகள் உண்டு. விடியலில் ரேஸ்கோர்ஸ் பக்கம் நடை முடிந்ததும் அருகம்புல் சாற்றால் கழுவுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டாவால் குளிர்விக்கிறார்கள். ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. பெயரிலேயே கருதுகோள் இருக்கிறது, சோதிப்பதுதான் பாக்கி.

ஆய்வுக்கு உட்பட்டோர் இருவர்: நானும் என் மைத்துனரும். நெறிமுறைக் குழு என் மனைவி. அனுமதி மறுக்கப்பட்டது, ஆய்வு தொடர்ந்தது.

"மச்சான், கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்கா குடிங்க. உள்ள உள்ள அழுக்கெல்லாம் போயிரும்."

"எந்த அழுக்கு மாப்ள?"

பதில் இல்லை. புல்லைச் செரிக்க மாட்டுக்கு அசைபோடும் வாயும், இரைப்பை நிறைய நுண்ணுயிரிகளும் உண்டு. நமக்கு இரண்டும் இல்லை. சரி, நார்ச்சத்தாவது மிஞ்சும் என்றால், கடைக்காரர் அதைத் துணியில் வடிகட்டிச் சக்கையாக வீசிவிட்டார். அம்மோனியாவை யூரியாவாக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்பும் வேலையை ஈரல் ராத்திரி முழுக்கச் செய்துகொண்டுதான் இருந்தது. துவைகல்லையே துவைக்கக் கிளம்பியிருக்கிறோம்.

மாலைச் சோதனைக்கு அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டு நின்றேன். பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். குடிக்குமுன் 98.4, குடித்தபின்னும் 98.4. ஈரலுக்குப் போய்ச் சேருமுன் வயிறே அதைச் சூடாக்கிவிடுகிறது. குளிர்ந்தது தொண்டையும் மனசும் மட்டும். (பக்கத்தில் நின்றவர் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து ஓரடி தள்ளிப் போனார்.) "சில்லுன்னு குடிச்சா கொழுப்பு கரையும்" என்ற துணைக் கருதுகோளையும் கணக்குப் போட்டேன். 5 டிகிரியில் உள்ள 200 மில்லி தண்ணீரை 37 டிகிரிக்கு ஏற்ற உடம்புக்கு ஆகும் செலவு 6.4 கிலோ கலோரி. அரைக் கரண்டி சீனி அதை ஈடுகட்டிவிடும். தம்ளரில் இருந்தது அரைக் கரண்டி அல்ல.

இதற்கிடையே மைத்துனர் சோற்றை விட்டார். நாலே நாளில் 2 கிலோ குறைந்ததாகத் தெருவெல்லாம் சொன்னார். ஈரலிலும் தசையிலுமாக அரைக்கிலோ அளவுக்குக் கிளைக்கோஜன் இருக்கும்; ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து நின்றால் இருப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். கொழுப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஐந்தாம் நாள் ராத்திரி நாலு பரோட்டா, சால்னா. அடுத்து வந்த நாட்களில் சோறு. ஞாயிற்றுக்கிழமை எடைமெஷின் பழைய எண்ணையே காட்டியது. "கருவிப் பிழைன்னு எழுதிக்கிருங்க மச்சான்" என்றார்.