குழந்தைக்கு ஒரு நாள், ஒரு ஊர்

கேள்வி: பனியன் கம்பெனி லீவு ஞாயிறு மட்டும்தான். மூணு வயசு, நாலு வயசுக் குழந்தைகளோட கோயமுத்தூர் போகணும். ஒரே நாளில் எல்லாம் பார்க்க முடியுமா?
- ஒரு வாசகி, மூலனூர்

பதில்: அகலக்கால் வைக்காதீர்கள் அம்மணி, குழந்தைகளின் கால் சின்னது! ஓரிடம் போதும்.

தாராபுரம், குண்டடம், பல்லடம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். நமக்கு அது பயணம். அவர்களுக்கு அதுவே திருவிழா. வழியில் காற்றாலைகளை எண்ணச் சொல்லுங்கள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதா? மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கட்டும், காற்றாலை கோபித்துக்கொள்ளாது. 2022 முதல் அரசுப் பேருந்தில் 5 வயதுவரை டிக்கெட் இல்லை. மிச்சமாகும் காசில் இளநீர் வாங்கலாம்.

சிங்கம் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் 2022-இல் ரத்தானது. 1902-இல் திறந்த காஸ் வனக் காட்சியகத்தை அவர்கள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வைத்திருங்கள். இப்போதைக்கு உக்கடம் பெரியகுளக் கரை போதும்: தண்ணீர், பறவை, நடக்க இடம்.

பையில் புளிசாதம், தண்ணீர், இரண்டு மாற்று உடுப்பு, ஒரு பழைய துண்டு. சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு. மதியத் தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டினால் சாயங்காலம் பஸ் முழுக்கக் கச்சேரி!

வாரமெல்லாம் தையல் மெஷினோடு இருக்கும் அம்மாவின் மடி நாள் முழுக்கக் கிடைப்பதுதான் அவர்களுக்குச் சுற்றுலா. கோயமுத்தூர் அதற்கொரு சாக்கு.