உருப்படி மாமா

சங்கீதச் சோதினைக்கு விண்ணப்பம் கோரியாயிற்று என்பது பளையில் ரீச்சருக்குத் தெரியுமுன் உருப்படி மாமாவுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையைத் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டுவிடுவார். அவர் பாடுவதில்லை. வாத்தியம் எதையும் தொடுவதில்லை. முதலாம் தரத்துக்குக்கூடத் தோற்றியதில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எந்த உருப்படியை எடுக்க வேணும், அதை யாருடைய றெக்கோட்டைக் கேட்டுப் படிக்க வேணும் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை, யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர். இப்படி ஒருவர் கொடிகாமத்திலும் இருக்கிறார், பரந்தனிலும் இருக்கிறார். கிளிநொச்சியில் இரண்டு பேர்; அவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை.

வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கியது. வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம், நடனம் என்று தரம் தரமாகச் சோதினை வைத்து, கடைசிப் படியான ஆசிரியர் தரத்தைத் தாண்டியவருக்குக் ‘கலாவித்தகர்’ பட்டம் கொடுக்கிறது. கலியாண அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் போடத் தோதான பட்டம் என்பதால், எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சங்கீதம் வராவிட்டாலும் சோதினை வந்தே தீரும். அறிமுறைக்குப் புத்தகம் இருக்கிறது, பாடமாக்கிவிடலாம். வயிற்றைக் கலக்குவது செயன்முறைதான். பரீட்சகருக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, சுருதிப் பெட்டியைப் போட்டவுடன் பாடமாக்கியதெல்லாம் ஆனையிறவு தாண்டிப் போய்விடும். அந்தப் பயத்தில்தான் தாய்மார் பிள்ளைகளை மாமாவின் விறாந்தைக்குக் கூட்டிவருகிறார்கள்.

மாமா வைத்தியம் பார்க்கிற விதம் பழைய பரியாரியினுடையது. கேள்வி கேட்கமாட்டார். “வாசி பிள்ளை” என்பார். இரண்டு ஆவர்த்தனம் போனதும் கையை உயர்த்துவார்.

“கை ஓடுது. ரீ.என். கிருஷ்ணன் கேள். இரவு படுக்க முதல், வேறொண்டும் கேக்கக் கூடாது.”

அடுத்த பிள்ளை.

“வில்லு நல்லாய்ப் போகுது, விரல்தான் தந்தியில துள்ளித் துள்ளி நிக்குது. உனக்கு எம்.எஸ். கோபாலகிருஷ்ணன். பரூர் பாணி. ஒரு விரலாலயே தந்தி நீளத்துக்கும் வழுக்கிப் போவார், பார்.”

மூன்றாவது பிள்ளை கொஞ்சம் துடியாட்டம். “மாமா, நான் லால்குடி கேக்கட்டோ?”

“லால்குடியோ? உனக்கோ? ஆறாம் தரம் வரட்டும்.”

மாமாவின் கணக்குப்படி அந்த அறையில் சோதிக்கப்படுவது பிள்ளை கேட்ட றெக்கோட்தான். பிள்ளை அதைச் சுமந்துகொண்டு போகிற ஆள் மட்டும். பிள்ளை சித்தியடைந்தால் றெக்கோட் சித்தி. பிள்ளை கோட்டைவிட்டால், இடையில் யாரோ சினிமாப்பாட்டுப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்.

இதனால் மாமாவுக்கும் ரீச்சருக்கும் ஆண்டுதோறும் ஒரு போர் நடக்கும். நேரில் அல்ல, பிள்ளைகளின் முதுகில். போன முறை ஐந்தாம் தரத்துக்குப் போன பிள்ளை ஒன்று, கீர்த்தனையின் பல்லவியில் திடீரென்று மேல் ஷட்ஜத்தைத் தொட்டுச் சுழன்று இறங்கியது.

“இதென்ன சங்கதி? ஆர் சொல்லித்தந்தது?”

“மாமா தந்த றெக்கோட்டில கிடந்தது ரீச்சர்.”

“கச்சேரிக்காரர் அம்பது வருசம் வாசிச்சுப்போட்டு அப்பிடி வாசிப்பினம். நீ முதல்ல நான் தந்த பாடாந்தரத்தை வாசி!”

ரீச்சர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை நான் மெல்லச் சொல்லிவைக்கிறேன். மாமாவின் காதுக்கு எட்டாது. கச்சேரி றெக்கோட்டில் வர்ணம் கையைச் சூடாக்கிக்கொள்ளும் உருப்படி, விறுவிறுவென்று போகும். சோதினையில் அதே வர்ணத்தை முதலாம் காலத்தில் ஆற அமர, வில் பிரிவு தெரிய வாசித்து, பிறகு இரண்டாம் காலத்துக்குத் தாளம் பிசகாமல் மாற வேண்டும். அப்படிப் பொறுமையாக வாசித்துக் காட்ட எந்த வித்துவானும் சபாவுக்கு வருவதில்லை. ஆகவே மிகப் பெரிய றெக்கோட், சோதினைக்கு மிகச் சிறிய உதவி. இதை மாமாவிடம் ஒருநாள் சொன்னேன். “அப்ப ஏன் கேக்கிறம்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

உருப்படித் தெரிவில் அவர் விட்டுக்கொடுக்காத விசயம் ஒன்று உண்டு. பட்டியலில் இணுவில் ந. வீரமணி ஐயரின் பாட்டு ஒன்றாவது இருக்க வேணும். மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மேல் ரீ.எம். சௌந்தரராஜன் பாடிய ‘கற்பகவல்லி’ ராகமாலிகை, இணுவிலார் எழுதியது என்பதை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லுவார். முந்தநாள்தான் எழுதி முடித்த பாட்டு மாதிரி. மகாராஜபுரம் சந்தானம் மருதனார்மடம் இராமநாதன் இசைக் கல்லூரியில் அதிபராக இருந்த காலமும் அவருக்குச் சொந்தச் சொத்து. சந்தானத்தின் கார் ஒருமுறை பளைச் சந்தியால் போனதைத் தன் தகப்பனார் கண்டதாகச் சொல்லுவார். கார் நின்றதா என்று கேட்கக் கூடாது.

அவருடைய பொற்காலம் 2014. அந்த வருசம் மார்ச் 4ஆம் திகதி யாழ்தேவி பளை வரைக்கும் வந்தது. ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கு ஓடத் தொடங்கும் மட்டும் கொழும்பிலிருந்து றெயினில் வருகிற அத்தனை பேரும் பளையில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேணும். வித்துவான்களும்தான். மாமா தவறாமல் ஸ்ரேசனில் நின்றார். வயலின் பெட்டியைக் கண்டால் கும்பிடு, தம்புரா உறையைக் கண்டால் பெரிய கும்பிடு. ஒருநாள் துணியால் சுற்றிய மிருதங்கம் ஒன்றை, ‘தாங்கோ ஐயா, நான் இறக்கிறன்’ என்று பயபக்தியோடு வாங்கி நெஞ்சோடு அணைத்து இறக்கினார். அது தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மோட்டர். வேட்டியில் பட்ட எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை என்று மாமி சொல்லுவா.

இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது? டைனமோவிலிருந்து. தொண்ணூறுகளின் முற்பகுதியில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்த பொருள். வடக்கில் வீட்டுக்கு வீடு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் றேடியோ கேட்டோம். மாமா ஒருபடி மேலே போய் அதில் ரேப் றெக்கோடரைக் கொழுவினார். அவரிடம் இருந்தது லால்குடி ஜெயராமனின் கசற் ஒன்று. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பெடல் சுற்றுவது தங்கச்சி. அவ உசாராக இருக்கும்போது லால்குடி பறப்பார். களைத்தால் கல்யாணி கீழே இறங்கி, வயலின் கரகரத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலாகிவிடும். “அதுதான் விளம்ப காலம்! அப்பிடியே வை!” என்று மாமா கத்துவார். தங்கச்சி பெடலை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் கச்சேரி முடிந்தது, மங்களம் இல்லை. காலப்பிரமாணம் பற்றி மாமாவுக்கு இருக்கிற அசைக்க முடியாத கொள்கைகள் எல்லாம் அந்தப் பெடலில் உருவானவை.

தங்கச்சி இப்போது லண்டனில். அவவின் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வாத்தியம் டபிள் பேஸ். ஆளைவிட உயரம், நின்றுகொண்டு வாசிக்கிறது. வயலினுக்கு நெருக்குவாரம், இதற்கு ஆளில்லை, பள்ளிக்கூடம் இரவலாகத் தந்தது. பெயர்பெற்ற டபிள் பேஸ் வித்துவான் பொட்டெசினியும் அப்படித்தான் மாட்டினார். 1835இல் மிலான் சங்கீதப் பள்ளியில் உதவிப்பணத்தோடு காலியாக இருந்த இடம் பஸூனுக்கும் டபிள் பேஸுக்கும் மட்டுமாம். வயலின் படித்த பெடியன் டபிள் பேஸுக்கு மாறினான். பிறகு அந்த வாத்தியத்தின் பகானினி என்று பெயரெடுத்தார்; 1871இல் கெய்ரோவில் வெர்டியின் ‘அயிடா’ முதல்முறை அரங்கேறியபோது இசைக்குழுவை நடத்தியவரும் அவர்தான்.

அந்தப் பிள்ளைக்கும் தரச் சோதினை வந்தது. அங்கேயும் பட்டியல்தான்: ஏ, பி, சி என்று மூன்று, ஒவ்வொன்றிலும் ஒன்று. தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பளைக்கு வட்ஸ்அப் வந்தது.

நானென்றால் ‘எனக்குத் தெரியாது பிள்ளை’ என்று போனை வைத்திருப்பேன். மாமா கதிரையை இன்னும் கொஞ்சம் தெருப்பக்கம் திருப்பினார். இரவிரவாக யூரியூப். விடிய, றஷ்யாவில் இந்த வாத்தியத்தை வாசித்துப் பிறகு பொஸ்ரனில் இசைக்குழு நடத்திய கூசெவிற்ஸ்கியைப் பற்றி தேத்தண்ணிக் கடையில் விளக்கம் நடந்தது. அவர் செத்த பிறகு அவருடைய வாத்தியத்தைப் பெண்சாதி கறி கார் என்ற இளம் கலைஞருக்குக் கொடுத்ததைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. தனிக்கச்சேரிக்கு டபிள் பேஸ்காரர் நாலு தந்தியையும் ஒரு தொனி கூட்டிக் கட்டுகிறார்கள் என்று அறிந்ததில் பெரிய திருப்தி. “பாத்தியோ, அவங்களும் ஆளுக்கேத்த மாதிரிக் கட்டை ஏத்துறாங்கள்.” பழைய டபிள் பேஸ் வித்துவான் திறகொனெற்றியின் பெயரில் உலவும் ஏ மேஜர் கொன்செர்ற்றோ அவருடையதே அல்ல, நனி என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது என்பதைக் கேட்டதும் தொடையில் தட்டினார். “அங்கயும் முத்திரை மாறாட்டம்!”

கடைசியில் பிள்ளை கேட்டது:

“மாமா, எக்கிள்ஸ் சொனாற்றாவோ, எலிஃபன்றோ?”

“எலிஃபன்ற் எண்டா ஆனைதானே?”

“ஓம். சேன்-சான்ஸ் எழுதினது.”

“பிறகென்ன யோசினை? உன்ர கொம்மா பிறந்தது ஆனையிறவடியில. ஆனையை எடு.”

தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அந்த உருப்படியைப் போட்டுக் கேட்டார். கேட்டவர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். சேன்-சான்ஸ் 1886இல் பகிடிக்கு எழுதியது அது. பெர்லியோஸின் மோகினிகள் ஆடுகிற மெல்லிய நடனத்தையும் மெண்டெல்ஸோனின் துள்ளல் மெட்டொன்றையும் பிடித்து, அடித்தொண்டைக்கு இறக்கி, டபிள் பேஸில் மொத்து மொத்தென்று நடக்கவிட்டிருப்பார். தன் மரியாதை கெட்டுவிடும் என்று, ஆனை வருகிற அந்த மிருகத் தொகுதியில் அன்னம் என்ற உருப்படியைத் தவிர மற்றதைத் தான் உயிரோடு இருக்கும் மட்டும் அச்சிட விடவில்லை.

“இது நான் கேட்ட சத்தம்!” என்றார் மாமா. “தொண்ணூற்றிமூண்டில கேட்டது! லால்குடி இப்பிடித்தான் வாசிச்சவர்!”

போனுக்குள் தங்கச்சியின் குரல் கேட்டது. “அது லால்குடி இல்லை அண்ணை. என்ர முழங்கால்.”

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாருடைய றெக்கோட் என்ற கேள்விக்கு வந்தார். கறி கார் வாசிப்பது பாடுகிற மாதிரி இருக்கிறதாம், ஆகவே அவர். ஆனால் பிள்ளை ஆனையை இன்னும் விளம்பமாக நடத்த வேணுமாம். பிள்ளை அப்படி நடத்தியதோ தெரியாது, சித்தியடைந்துவிட்டாள். அந்தச் செய்தி தேத்தண்ணிக் கடையைத் தாண்டி இயக்கச்சி வரைக்கும் போயிற்று. இப்போது கனடாவிலிருந்து ஒருவர் சாக்ஸபோனுக்குக் கேட்டிருக்கிறாராம். மாமா கத்ரி கோபால்நாத்தில் தொடங்கியிருக்கிறார்.

போன கிழமை, பல்லவியில் சுழன்று இறங்கிய அந்தப் பிள்ளையின் செயன்முறை முடிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் மாமா மறித்தார். புள்ளி கேட்கவில்லை, பயந்தாயா என்று கேட்கவில்லை.

“பரீட்சகர் எந்தச் சங்கதிக்குத் தலையாட்டினவர்?”

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள்.

“அவர் தலையாட்டேல்லை மாமா. நுளம்பு கலைச்சவர்.”

“எந்த இடத்தில கலைச்சவர்?”