மொய் நோட்டில் ஏறாத மொய்

கையால் வாழ்த்து அட்டை செய்து கொடுப்பவர்களை ஊர் தப்பாக எடை போட்டு வைத்திருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பில் ஒரு பூவைக் குத்தி, மார்க்கரால் நிறம் தீட்டி, ஓரத்தில் முத்து ஒட்டி, பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் நீட்டுகிற ஓர் அக்கா கொடுமுடி அளவு ஊரில் கட்டாயம் இருப்பார். இருவர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. சில ஊர்களில் இதே அக்கா ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் உருவிலும் காணப்படுவதுண்டு. இவரைப் பற்றிக் கேட்டால் “ரொம்பப் பிரியமான மனுசிங்க” என்பார்கள். “பொழுது போகோணுமில்லீங்க” என்று கூடவே ஒரு வாலையும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டும் பிழை. பொழுதுபோக்குக்காரர் நாலு நாள் பாசி கோர்த்துவிட்டு ஐந்தாம் நாள் மறந்துவிடுவார். கார்டு அக்கா எதையும் மறப்பவர் இல்லை. யாருக்கு எந்த வருஷம் எந்த அட்டை போனது, வாங்கியவர் என்ன சொன்னார், சொல்லும்போது போனைப் பார்த்தாரா அட்டையைப் பார்த்தாரா என்பது வரை அவரிடம் பதிவு உண்டு. கொங்கு நாட்டு மொய் நோட்டுக்கு இன்று மிஞ்சியிருக்கும் மிகக் கறாரான வாரிசு இந்த அக்காதான் என்பது என் கட்சி.

மொய் மேசையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இது விளங்கும். ஒருவர் கவரைக் கிழித்து எண்ணுவார், இன்னொருவர் எழுதுவார்: ஊர், பெயர், தொகை. பிரியம் என்று ஒரு பத்தி அந்த நோட்டில் கிடையாது. ஆனாலும் எத்தனையோ உறவுகளை அறுந்துபோகாமல் இழுத்துப் பிடித்திருப்பது அந்த நோட்டுதான். அந்த வீட்டு விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டி, வந்ததற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டு வருகிறோம். இதில் இருக்கும் ஒரே பலவீனம், கடன் தீர்ந்துவிடும் என்பது. ஐந்நூற்றொன்று வாங்கியவர் ஆயிரத்தொன்றாகத் திருப்பிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். கார்டு அக்கா கண்டுபிடித்த நுட்பம் இந்த இடத்தில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒன்றை அவர் கொடுக்கிறார். வாங்கியவருக்கு அட்டை செய்யத் தெரியாது. கற்றுக்கொள்ள நேரமும் இல்லை. பதிலுக்குக் கடையில் வாங்கிய அட்டையைக் கொடுத்தால் கடன் தீராது, கடன்பட்டதை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். அசல் அப்படியே நிற்கும். அடுத்த பிறந்தநாளில் இன்னொரு அசல் வந்து மேலே உட்காரும்.

அன்பைக் கணக்காக்கிக் கொச்சைப்படுத்துவதாகச் சிலர் கோபிக்கலாம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை பிறந்த கதையைப் பார்த்தால் கோபம் தணியும். லண்டனில் ஹென்றி கோல் என்று ஓர் அரசு அதிகாரி இருந்தார். 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. தபால் மலிவானதும் எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள், கோலுக்கும் எழுதினார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் பதில் எழுதி மாளவில்லை. எழுதாவிட்டால் மரியாதைக் குறைவு. 1843-இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி ஆயிரம் பிரதி அச்சடித்தார். யாருக்கு, யாரிடமிருந்து என்று நிரப்பிக்கொள்ள மட்டும் அதில் இடம் விட்டிருந்தது. மிச்சப் பிரதிகள் ஒரு ஷில்லிங் விலைக்குக் கடைக்குப் போயின. ஆக, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்பதே பதில் கடனை மொத்தமாகத் தீர்த்துக்கட்ட ஒரு அதிகாரி கண்ட குறுக்குவழி. அந்த முதல் அட்டையில் கோடுகள் மட்டுமே அச்சு. நிறத்தை ஆள் வைத்துக் கையால் தீட்டினார்கள். கோடு அச்சில், நிறம் கையில் என்ற அதே முறையில்தான் நம் அக்காவும் வேலை செய்கிறார். கோல் கடனைத் தீர்க்கச் செய்ததை அக்கா கடன் ஏற்றுவதற்குச் செய்கிறார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஏற்றுகிற கடன் கனமானது என்பதற்கு அந்த வேலையே சாட்சி. ஆல்கஹால் மார்க்கர் என்ற சொல் கூரியர் பார்சல் மேல் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படிப்பார்கள். குடிக்கிற விஷயம் ஒன்றுமில்லை. சாயத்தை ஆல்கஹாலில் கரைத்து அடைத்திருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே பக்கத்து நிறத்தோடு கலந்துவிடுவதால் தீட்டிய கோடு தெரியாமல் நிறம் படிகிறது, ஆல்கஹால் சட்டென்று ஆவியாவதால் சீக்கிரம் காய்ந்தும் விடுகிறது. இந்த வகையில் பேர்பெற்ற காப்பிக் மார்க்கர் 1987-இல் ஜப்பானில் வந்தது. இன்று 358 நிறங்கள். நகலெடுத்த படத்தின் மேல் தீட்டினாலும் ஜெராக்ஸ் மை கலங்காத மாதிரி அதை உருவாக்கியிருந்தார்கள். ஸ்டாம்ப் மைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆபீஸ் ஸ்டாம்ப் பேடில் ஒற்றி ரோஜாவைக் குத்திவிட்டு மார்க்கரைக் கொண்டுபோனால் கோடெல்லாம் கரைந்து ரோஜா கன்றிப்போகும். அதற்கென்று தனி மை, அந்த மைக்கென்று தனி பேடு, அந்தப் பேடை யாரும் தொடக்கூடாது என்று வீட்டுக்குள் ஒரு தனிச் சட்டம். சித்திரை மாதம் ஃபேனைப் போட்டால் ஒரு இதழைத் தீட்டி முடிப்பதற்குள் மை காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கிறது. ஃபேனை நிறுத்தினால் அக்கா காய்கிறார். கொரோனா காலத்தில் சானிடைசர் கையோடு அட்டையை வாங்கியவர்கள் அடையாளத்துக்குத் தங்கள் கட்டைவிரலை அதில் விட்டுச் சென்றார்கள், ஏனென்றால் ஆல்கஹால் மையை ஆல்கஹாலே கரைக்கும்.

இந்த மை காகிதத்தின் மறுபக்கம் வரை ஊறிவிடும் என்பது இன்னொரு வினை. அட்டையிலேயே நேராகத் தீட்டினால் உள்ளே வாழ்த்து எழுதுகிற இடத்தில் ரோஜாவின் ஆவி தெரியும். ஆகவே படத்தைத் தனித்தாளில் தீட்டி, ஓரம் பிசகாமல் வெட்டி, இன்னொரு நிறக் காகிதத்தில் ஒட்டி, அதற்கடியில் ஃபோம் டேப் வைத்து, அதன் பிறகே அட்டைக்கு வர வேண்டும். அட்டை தடித்துக்கொண்டே போகிறது. 20 கிராமுக்கு 5 ரூபாய் என்ற தபால் கணக்குக்குள் அது அடங்க மறுக்கிறது. அடங்கினாலும், தபால் தலை மேல் தேதி முத்திரையை ஓங்கிக் குத்துவார்கள்; தபால் தலை இருப்பது உறையின் வலது மேல் மூலை; அக்கா முத்து ஒட்டுவதும் பெரும்பாலும் அதே மூலையில். கையெழுத்து வாங்காமல் யார் வேண்டுமானாலும் ஸ்டாம்ப் குத்திக்கொள்ளலாம் என்று அவர் நம்பியிருந்த உலகத்தில் அதிகாரம் உள்ள ஒரே முத்திரை அதுதான். அதனால் நேரில் போய்க் கொடுக்கிறார். நேரில் கொடுப்பதில் லாபமும் இருக்கிறது: முதல் தவணையை வாங்குபவர் முகத்திலேயே வசூல் செய்துகொள்ளலாம்.

ஸ்டாம்புகளைச் சேர்ப்பது தனிப் போராட்டம். வெளிநாட்டு ஸ்டாம்புகளில் பனிமனிதன் கிடைக்கிறான், மஃப்ளர் சுற்றிய நரி கிடைக்கிறது. ஐப்பசி மழைக்குக்கூட ஸ்வெட்டர் போடாத ஊரில் இவற்றை எந்த விசேஷத்துக்குக் கொடுப்பது? பொங்கல் பானை வேண்டும், தேங்காய்க் குலை வேண்டும், படித்துறை வேண்டும் என்று ஈரோட்டில் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடைக்குப் போய் நிற்கிறார். கடைக்காரருக்கு ஸ்டாம்ப் என்பது கையெழுத்துக்கு அடியில் விழுகிற பொருள். பானைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பானைக்குக் கீழ பதவி என்னங்க போடோணும்?” என்று கேட்பார். நியாயமான கேள்வி.

ஸ்டாம்பைக் குத்துகிறவர் கையால் செய்தேன் என்று எப்படிச் சொல்லலாம், கோடு வரைந்தவர் வேறு யாரோ அல்லவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பங்குனி உத்திரத்தை ஒட்டிக் கொடுமுடிக்கு வந்து, காவிரித் தீர்த்தத்தை முகந்து, காவடியாக எடுத்துக்கொண்டு பழனிக்கும் தம் ஊர்க் கோயிலுக்கும் நடக்கிறவர்களிடம் அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். அந்தத் தண்ணீரை அவர்கள் உண்டாக்கவில்லை. அதே காவிரி கொங்கில் பல ஊர்களுக்குக் குழாயிலும் போகிறது. வாசல் குழாயைத் திறந்து குடத்தைப் பிடித்து அபிஷேகத்துக்குக் கொண்டுபோனால் சாமி குற்றம் சொல்லாமல் இருக்கலாம். ஊர் சும்மா இருக்குமா? நடந்த தூரம் தண்ணீரில் சேர்ந்துகொள்கிறது என்பதை ஏற்கிற ஊர், உட்கார்ந்து தீட்டிய ராத்திரிகள் அட்டையில் சேராது என்று சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். சிவகாசியில் கட்டுக்கட்டாக அச்சாகி வந்தாலும், மூலைகளில் மஞ்சள் தடவும் வரை அதை யாரும் யாருக்கும் நீட்டுவதில்லை. ஒரு விரல், கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான் கைவேலை. அதற்கே அந்த மதிப்பு என்றால், ஒரு நரிக்கு மூன்று ஆரஞ்சு நிறம் தீட்டியவரை என்ன சொல்வது? (ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்காவின் நரிக்கு இன்னும் இல்லை.)

வாட்ஸாப் வந்த பிறகு எதற்கு இதெல்லாம் என்பது இளைய தலைமுறையின் வாதம். வரலாறு அவர்களுக்கு எதிராக நிற்கிறது. நடிகர், தலைவர், கரும்பு, காளை, ஜிகினா என்று பொங்கல் வாழ்த்து அட்டைகள் கடை வாசல்களில் தொங்கிய காலத்தில், உறையை ஒட்டாமல் குறைந்த செலவில் தபாலில் போட்டு எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிய காலத்தில், கார்டு அக்காவுக்கு வேலையே இல்லை. அட்டைக்கு அட்டை வந்தது, கணக்கு நேரானது. கைபேசி வந்து அந்த அட்டைகளைக் கொன்றது. ஒரே தட்டலில் இருநூறு பேருக்குப் போகும் பானைப் படத்துக்கு யாரும் யாரிடமும் கடன்படுவதில்லை. பார்க்காமலே அழித்தாலும் பழி இல்லை. கடனே இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் அக்கா மார்க்கர் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். வாட்ஸாப் அவரை ஒழிக்கவில்லை, பிறப்பித்திருக்கிறது.

செலவைச் சொல்லி மடக்கப் பார்ப்பவர், வழக்கமாக, வீட்டுக்காரர். ஒரு நல்ல மார்க்கரின் விலையில் கடை அட்டைகள் எத்தனை வாங்கலாம் என்று அவர் போடும் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அக்கா யாரிடமாவது அந்த விலையைச் சொல்லிக் கேட்டதுண்டா? சொல்ல மாட்டார். சொன்னால் அது தொகையாகிவிடும். தொகையானால் நோட்டில் ஏறும். நோட்டில் ஏறினால் திருப்பிக் கொடுத்துத் தொலைத்துவிடுவார்கள். “ஏனுங்க்கா, பையன் பொறந்தநாளைக்கு அம்பது செஞ்சு குடுங்களேன், என்ன ஆகுதோ குடுத்தறலாம்” என்று கேட்கிறவர் தாம் பாராட்டுவதாக நினைத்துக்கொள்கிறார். அக்காவின் முகம் மாறுவதைக் கவனிப்பதில்லை. பிரியத்துக்காக மட்டும் செய்கிறவர் என்றால் ஐம்பது வீட்டுக்குப் பிரியம் போகிறதே என்று மகிழ வேண்டும். பொழுதுபோக்கு என்றால் பொழுது நன்றாகவே போகும். இரண்டும் இல்லாததால்தான் “நேரமில்லீங்க” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். காசு வாங்கிக்கொண்டால் அந்த ஐம்பது வீட்டில் ஒரு வீடும் அவருக்குக் கடன்பட்டிருக்காது.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. இவ்வளவு கறாரானவர் என்றால், செய்த அட்டைகளில் பாதியை ஏன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்? கொடுக்காத கடனுக்கு வசூல் ஏது? உண்மைதான், அந்த பீரோ இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒழுங்கும் இருக்கிறது. அக்கா ஒரு காலத்தில் கல்யாணங்களில் அட்டையை மொய்க் கவருக்குள் வைத்துக் கொடுத்தவர்தான். மேசையில் இருந்தவர் கவரைக் கிழித்தார், பணத்தை எடுத்தார், தொகையை எழுதினார், மிச்சத்தை மேசைக்கடியில் இருந்த சாக்கில் போட்டார். மூன்று அடுக்கு, பதினோரு முத்து, ஒரு நரி. நோட்டில் அதற்குப் பத்தி இல்லை. அன்றிலிருந்து தகுதி பார்க்காமல் அட்டை வெளியே போவதில்லை. பீரோவில் இருப்பவை தகுதியான ஆளுக்காகக் காத்திருப்பவை. வாங்கியதும் உள்ளே பிரித்துப் படிப்பாரா, டிவி ஸ்டாண்டில் நிறுத்துவாரா, வருகிறவர்களிடம் காட்டுவாரா என்று விசாரித்து முடிக்கிற வரை அவை அங்கேயேதான் இருக்கும். எந்த வங்கியும் இவ்வளவு பார்த்துக் கடன் கொடுப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் இப்போது புதிதாக ஒரு குழப்பம் வந்திருக்கிறது. அட்டையை வாங்கிய தம்பி மகள் சென்னைக்குப் போய், அதைப் படம் பிடித்து அனுப்பி, கூடவே ஒரு கட்டைவிரல் படத்தையும் அனுப்புகிறாள். அதை வரவில் எழுதுவதா, வாராக்கடனில் எழுதுவதா? அக்கா ரெண்டு நாள் யோசிப்பார், யாரையும் கேட்க மாட்டார். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்குப் போகிற அட்டையில் ஃபோம் டேப் இருக்காது, முத்தும் இருக்காது. நரிக்கு ஒரே ஒரு ஆரஞ்சு நிறம்தான்.